பிளாஸ்டிக் எண்ணெய் குளிரில் உறையாமல் ஓட: அடிட்டிவ் தேர்வு, அளவு, சோதனை

பாலிஎத்திலீன் கழிவைப் பைராலிசிஸ் செய்து (காற்றில்லாமல் சூடாக்கி உடைத்து) எடுக்கும் எண்ணெய், சூடாக வடியும்போது இலேசாக ஓடும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் கலங்கும். இரவுக் குளிருக்குப் பிறகு டிரம்மைச் சாய்த்தாலும் அசையாது. பம்ப் சுழலும், குழாயில் ஒன்றும் வராது. இதற்காக விற்கப்படுவதுதான் போர் பாயிண்ட் குறைப்பான், சுருக்கமாக பிபிடி. பொருத்தமானதைச் சரியாகச் சேர்த்தால், எண்ணெய் ஓட்டம் நிற்கும் வெப்பநிலை 10, 15 டிகிரி இறங்குவது சாதாரணம். முறை தவறினால் ஒரு டிகிரிகூட இறங்காது. அளவை ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகவும் ஆகும். (இங்கே சொல்லும் எல்லா வெப்பநிலையும் செல்சியஸ்.)

பிபிடி மெழுகைக் கரைப்பதும் இல்லை, அகற்றுவதும் இல்லை. மெழுகுப் படிகம் எந்த வடிவில், எந்த அளவில் வளர்கிறது என்பதை மட்டுமே மாற்றுகிறது. எதுவும் சேர்க்காத எண்ணெயில் படிகங்கள் மெல்லிய தகடுகளாக வளர்ந்து, ஓரத்தோடு ஓரம் கோத்து ஒரு கூடு கட்டும். எடையில் இரண்டு சதவீத மெழுகு படிகமானாலே போதும், மீதி 98 சதவீதத் திரவமும் அந்தக் கூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பிபிடியின் நீண்ட கார்பன் சங்கிலி மெழுகோடு சேர்ந்து படிகத்துக்குள் நுழைகிறது. அதோடு ஒட்டாத எஸ்டர் பகுதி வெளியே துருத்திக்கொண்டு அடுத்த அடுக்கு வளரவிடாமல் தடுக்கிறது. தகடுகளுக்குப் பதில் சிறு சிறு மணிகள் கிடைக்கின்றன. மணிகள் கூடு கட்டாது, எண்ணெயோடு சேர்ந்து ஓடும்.

ஆகவே படிகம் பிறப்பதற்கு முன்பே அடிட்டிவ் எண்ணெயில் கரைந்திருக்க வேண்டும். கட்டியான எண்ணெய் மேல் ஊற்றிக் கலக்குவதால் பயனில்லை. வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் முடியும்.

எண்ணெயை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

எச்டிபிஇ, எல்டிபிஇ என்ற பாலிஎத்திலீன் வகைகள் இரண்டும் உடையும்போது நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களே அதிகம் வரும். கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்த்தால் ஒவ்வொரு கார்பன் எண்ணுக்கும் மூன்று முனைகள் ஒட்டி நிற்கும்: டையீன், ஆல்ஃபா ஒலிஃபின், நார்மல் பாரஃபின். இதில் குளிரில் தொல்லை தருவது பாரஃபின்தான். 16 கார்பன் பாரஃபின் 18 டிகிரியில் உருகும். 18 கார்பன் 28-லும், 20 கார்பன் 37-லும், 24 கார்பன் 51-லும், 30 கார்பன் 66-லும் உருகும். அதே கார்பன் எண்ணுள்ள ஆல்ஃபா ஒலிஃபின் இதைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குறைவில் உருகும் என்றாலும், சங்கிலி நீண்டால் அதுவும் மெழுகுதான்.

பிபி (பாலிப்ரொப்பிலீன்) கழிவிலிருந்து வருவது கிளைகள் நிறைந்த சங்கிலி. கிளை இருந்தால் படிகமாக அடுக்க முடியாது. அதனால் பிபி எண்ணெய் பெரும்பாலும் குளிரிலும் ஓடும். பாலிஸ்டைரீன் (பிஎஸ்) தருவது ஸ்டைரீன், டொலுவீன், எத்தில்பென்ஸீன் போன்ற அரோமேட்டிக் திரவம். அதில் மெழுகு இல்லை, அது பிற மெழுகை ஓரளவு கரைத்தும் வைக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) கழிவு கலந்திருந்தால் டெரப்தாலிக், பென்ஸாயிக் அமிலங்கள் ஆவியாகிப் போய்க் குளிர்ந்த குழாய்களில் வெள்ளைத் தூளாகப் படியும். அதை மெழுகு என்று நினைத்து பிபிடி போடுவோர் உண்டு. பிபிடிக்கும் அந்தத் தூளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வாய்ப்பிருந்தால் ஏஎஸ்டிஎம் (சோதனைத் தரங்கள் வெளியிடும் அமைப்பு) டி2887 முறையில் கொதிநிலைப் பரவலை எடுத்துவிடுங்கள். 20 கார்பன் பாரஃபின் கொதிப்பது சுமார் 343 டிகிரியில். எனவே 340-க்கு மேல் கொதிக்கும் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மெழுகின் கனம் ஓரளவு புரியும். அந்தப் பங்கு கால்வாசியைத் தாண்டி, வால்பகுதி 30 கார்பனுக்கு அப்பாலும் நீண்டிருந்தால், அடிட்டிவ் மட்டும் போட்டுக் காப்பாற்றலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் கண்டென்சரைச் சூடாக வைத்துக் கனமான ஆவியை மறுபடி உலைக்கே திருப்பிவிடுவது, அல்லது எண்ணெயை வடித்துப் பிரிப்பது, பிறகு மீதிக்கு பிபிடி என்ற வரிசைதான் சரிப்படும். திருப்பிவிடப்பட்ட மெழுகு உலையில் மீண்டும் உடைந்து சிறு சங்கிலியாக வரும். அதற்கு ஆகும் கூடுதல் நேரமும் எரிபொருளும், பின்னால் டிரம் டிரம்மாக அடிட்டிவ் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

கச்சா எண்ணெயில் வேலை செய்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கச்சா எண்ணெயில் அஸ்ஃபால்டீனும் ரெசினும் இருக்கும். அவை மெழுகுப் படிகத்துக்கு இயற்கையான தடையாக நின்று பிபிடிக்கும் துணை செய்யும். பிளாஸ்டிக் எண்ணெயில் அவை கிடையாது. அதனால் கச்சாவில் 200 பிபிஎம்-மில் (எடையில் பத்து லட்சத்துக்கு 200 பங்கு) வேலை செய்த சரக்கு இங்கே 1,000 பிபிஎம் கேட்டால் சரக்கு போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

அளக்க வேண்டியவை

கிளவுட் பாயிண்ட் என்பது முதல் படிகம் கண்ணுக்குத் தெரியும் வெப்பநிலை (ஏஎஸ்டிஎம் டி2500). போர் பாயிண்ட் என்பது எண்ணெய் இன்னும் அசையும் கடைசி வெப்பநிலை (டி97). சிஎஃப்பிபி (குளிரில் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை) என்பது 45 மைக்ரான் வலை வழியாக 20 மில்லி எண்ணெயை 2 கிலோபாஸ்கல் உறிஞ்சலில் 60 விநாடிக்குள் இழுக்க முடியாமல் போகும் வெப்பநிலை (டி6371).

எண்ணெய் கருப்பாக இருந்தால் கிளவுட் பாயிண்டைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்போது, குளிரும்போது வெளியாகும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் முதல் வெப்ப முனை எங்கே எழுகிறது என்று பார்க்கலாம். அது இல்லையென்றால், ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து இரண்டு போலரைசிங் ஃபிலிம்களைக் குறுக்காகப் பிடித்த மைக்ராஸ்கோப்பில் மெதுவாகக் குளிர்வித்துப் பாருங்கள். திரவம் இருட்டாகத் தெரியும், மெழுகுப் படிகம் பளிச்சென்று மின்னும். இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு: அடிட்டிவ் போடாத எண்ணெயில் நீண்ட ஊசிகளும் தகடுகளும் தெரியும், வேலை செய்யும் அடிட்டிவ் போட்ட எண்ணெயில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். ஸ்லைடில் வடிவம் மாறவில்லையென்றால் அந்த ரகத்தை வைத்துப் போர் பாயிண்ட் சோதனைகள் செய்து நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

பிபிடி போர் பாயிண்டை நன்றாக இறக்கும். சிஎஃப்பிபியை இறக்குமா என்பது ரகத்தைப் பொறுத்தது. கிளவுட் பாயிண்டை ஓரிரு டிகிரி அசைத்தால் அதிகம். எண்ணெய் பம்ப்பில் ஓடும், ஆனால் 10 மைக்ரான் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்ற நிலை அதனால்தான் வருகிறது. உங்கள் குழாய்த் தொடரில் நுண்ணிய ஃபில்டர் இருந்தால் போர் பாயிண்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

எந்த ரகம்

சந்தையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடக்கலாம்.

ஒன்று இவிஏ, அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் கோபாலிமர். வினைல் அசிடேட் பங்கு எடையில் 25 முதல் 33 சதவீதம் வரை உள்ளவை இந்த வேலைக்கு ஏற்றவை. பலரும் முதலில் 28-ஐ எடுப்பார்கள். பங்கு மிகவும் குறைந்தால் பாலிமரே எண்ணெயில் கரையாமல் மெழுகு போலப் பிரியும். மிகவும் கூடினால் நன்றாகக் கரையும், ஆனால் மெழுகோடு சேராது. ஹாட் மெல்ட் பசைக்கு வரும் இவிஏ மணிகளை வாங்கி முயன்று பார்ப்பவர்கள் மெல்ட் ஃப்ளோ எண்ணை (உருகிய பாலிமர் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை) கவனிக்க வேண்டும். எண் குறைந்தால் சங்கிலி நீளம்; நீண்ட சங்கிலி எண்ணெயைக் கெட்டியாக்குமே தவிரப் படிகத்தைத் திருத்தாது. 150-க்கு மேல், முடிந்தால் 400-ஐ ஒட்டிய ரகம் எடுங்கள்.

இன்னொன்று சீப்பு வடிவப் பாலிமர்கள்: பாலிஆல்கைல் மெத்தக்ரிலேட், பாலிஆல்கைல் அக்ரிலேட், மலெயிக் அன்ஹைட்ரைட்–ஆல்ஃபா ஒலிஃபின் எஸ்டர், ஃபியூமரேட்–வினைல் அசிடேட். நடுவில் ஒரு முதுகெலும்பு, அதிலிருந்து தொங்கும் பக்கச் சங்கிலிகள். இங்கே எல்லாமே பக்கச் சங்கிலியின் நீளத்தில்தான் இருக்கிறது. 12 முதல் 14 கார்பன் நீளம் டீசல் போன்ற இலேசான எண்ணெய்க்கு. 18 முதல் 22 வரை கனமான மெழுகுக்கு. உங்கள் எண்ணெயில் 20 முதல் 28 கார்பன் வரை மெழுகு இருக்கும்போது, டீசலுக்கென்று செய்த 12–14 ரகத்தைப் போட்டால் மெழுகு அதை ஏறெடுத்தும் பார்க்காது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பக்கச் சங்கிலியின் சராசரி நீளம் என்ன என்பது. அடுத்தது, டப்பாவில் பாலிமர் எத்தனை சதவீதம், மீதி என்ன கரைப்பான் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் வராத சரக்கை மாதிரியாகக்கூட வாங்க வேண்டாம்.

பாலிஎத்திலீன் எண்ணெயில் மெழுகு அகலமாகப் பரவியிருக்கும், ஒரே நீளத்தில் குவிந்திருக்காது. அதனால் ஒரே ஒரு பாலிமரைவிட இவிஏவும் நீண்ட பக்கச் சங்கிலி அக்ரிலேட்டும் கலந்த கலவை பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். சோதனையை 1:1 எடை விகிதத்தில் தொடங்கி, பிறகு 2:1, 1:2 என்று இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள்.

ஆய்வகச் சோதனை

முதலில் ஓர் எச்சரிக்கை. பிரிக்காத பைராலிசிஸ் எண்ணெயில் நாஃப்தா அளவுக்கு இலேசான பகுதி இருக்கும். அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) பல சமயம் அறை வெப்பநிலைக்கும் கீழே. பென்ஸீனும் இருக்கலாம். திறந்த அடுப்பு, சுருள் ஹீட்டர் எதுவும் கூடாது. வெந்நீர்த் தொட்டி மட்டும், அதுவும் ஃப்யூம் ஹூட்டுக்குள். ஸைலீனின் ஃப்ளாஷ் பாயிண்டும் 30 டிகிரிக்குக் கீழேதான். நைட்ரைல் கையுறையை அரோமேட்டிக் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பட்டவுடன் மாற்றுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி. உறைந்த டிரம்மின் மேல்பகுதியில் இருந்து எடுத்தால் மெழுகு குறைவாகவும், அடியில் எடுத்தால் அதிகமாகவும் வரும். டிரம் முழுவதையும் வெந்நீர் உறையால் 65 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஆவி வெளியேற வழிவிட்டு, கலக்கிய பிறகு இரண்டு லிட்டர் எடுங்கள். அதில் ஒரு லிட்டரை மூடி முத்திரையிட்டு வைத்துவிடுங்கள்.

ஸ்டாக் கரைசல்: அடிட்டிவ் 10 கிராம், ஸைலீன் 90 கிராம். திரவமாக வந்த சரக்கு என்றால் 50 டிகிரி வெந்நீரில் வைத்துக் கலக்கினால் போதும். இவிஏ மணிகள் என்றால் 5 கிராமுக்கு 95 கிராம் ஸைலீன் எடுத்து, ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் பொருத்தி, 80 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் கலக்குங்கள். கண்ணாடி போலத் தெளிந்தால்தான் கரைந்தது என்று அர்த்தம்; நூல் நூலாக ஏதாவது மிதந்தால் இன்னும் கரையவில்லை.

பிறகு:

1. ஆறு பாட்டில்களில் தலா 100 கிராம் எண்ணெய். மூடி, 70 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம். பழைய படிகம் எதுவும் மிஞ்சக் கூடாது. கிளவுட் பாயிண்ட் 55-க்கு மேல் உள்ள எண்ணெய்க்கு 70 போதாது. கிளவுட் பாயிண்டை விடக் குறைந்தது 15 டிகிரி மேலே வைக்க வேண்டும்.

2. 10 சதவீத ஸ்டாக்கில் இருந்து 0, 0.25, 0.5, 1, 2, 3 கிராம் சேருங்கள். இது முறையே 0, 250, 500, 1,000, 2,000, 3,000 பிபிஎம் (மணிகளின் 5 சதவீதக் கரைசல் என்றால் இரட்டிப்பு எடை). குறைந்த அளவு உள்ள பாட்டில்களில் மீதியை வெறும் ஸைலீனால் நிரப்பி, எல்லாவற்றிலும் சேர்த்த திரவம் 3 கிராமாக (5 சதவீதக் கரைசல் என்றால் 6 கிராமாக) ஆக்குங்கள். ஸைலீனும் மெழுகைக் கொஞ்சம் கரைக்கும். இதைச் சமன் செய்யாவிட்டால் கரைப்பான் செய்த வேலையை அடிட்டிவ் செய்ததாகக் கணக்கெழுதிவிடுவீர்கள். கடைசியில் தேர்ந்தெடுக்கும் அளவை மட்டும் கூடுதல் ஸைலீன் இல்லாமல் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. 65 டிகிரிக்குக் கீழே விடாமல் 15 நிமிடம் கலக்கவும்.

4. டி97 ஜாடியில் 54 மில்லிமீட்டர் கோடு வரை ஊற்றுங்கள். எதிர்பார்க்கும் போர் பாயிண்டுக்கு 9 டிகிரி மேலே இருந்து தொடங்கி, ஒவ்வொரு 3 டிகிரிக்கும் ஜாடியை எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முழுக்கப் படுக்கவைத்து 5 விநாடி அசையாவிட்டால் அதுவே நிற்கும் வெப்பநிலை. அதோடு 3 கூட்டினால் போர் பாயிண்ட். தெர்மாமீட்டர் நுனியை எண்ணெய்க்குள் ஆட்டாதீர்கள். உருவாகிக்கொண்டிருக்கும் கூட்டை அது உடைத்துப் பொய்யாக நல்ல எண்ணைத் தரும்.

எண்ணெயை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கியிருந்தால், 24 மணி நேரம் அறை வெப்பநிலையில் வைத்த பிறகே சோதிக்க வேண்டும் என்பது டி97 விதி. அடிட்டிவ் ஒப்பிடும்போது இரண்டு வழியிலும் செய்து பாருங்கள்: சூட்டிலிருந்து நேராகக் குளிர்வித்தது ஒன்று, 24 மணி நேரம் வைத்தது ஒன்று. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வந்தால் உங்கள் டாங்கில் என்ன நடக்கும் என்பதற்கு அது முன்னறிவிப்பு. ஒரே எண்ணெயில் இரண்டு முறை அளக்கும்போது 3 டிகிரி முன்னே பின்னே வருவது இயல்பு. அதனால் 3 டிகிரி இறக்கத்தைப் பலன் என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

முடிவை அளவுக்கு எதிராக வரைந்தால், பெரும்பாலும் 500 முதல் 1,500 பிபிஎம் வரை கோடு செங்குத்தாக இறங்கும், பிறகு படுத்துவிடும். சில அக்ரிலேட் ரகங்களில் 2,000-க்கு மேல் மறுபடி ஏறும்: கூடுதல் பாலிமர் தனக்குள்ளேயே திரண்டு அதுவே படிகமாக நிற்பதுதான் காரணம். கோடு படுக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள அளவை எடுங்கள்.

ஜாடியில் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் குளிர்கிறது. டாங்கில் அதே இறக்கத்துக்கு ஒரு நாள் ஆகலாம். மெதுவாகக் குளிரும்போது படிகம் பெரிதாக வளரும், அடியில் படியும். அதனால் தேர்ந்தெடுத்த அளவோடு 500 மில்லி சிலிண்டர் ஒன்றில் எண்ணெயை நிரப்பி, மணிக்கு 1 டிகிரி வீதம் இறக்கி, எதிர்பார்க்கும் கடைசிக் குளிரில் 48 மணி நேரம் அசைக்காமல் வைக்கவும். பிறகு மேலே உள்ள 20 சதவீதத்தையும் அடியில் உள்ள 20 சதவீதத்தையும் தனித்தனியாக எடுத்துக் கிளவுட் பாயிண்ட் பாருங்கள். அடிப்பகுதியின் எண் மேலே உள்ளதைவிடத் தெளிவாகக் கூடுதல் என்றால் மெழுகு மணிகள் கீழே இறங்குகின்றன. பிபிடியோடு மெழுகு படியவிடாத டிஸ்பெர்சன்ட் ஒன்றும் வேண்டும், அல்லது டாங்கை இடைவிடாமல் சுழற்ற வேண்டும்.

ஆலையில் சேர்ப்பது

மிகச் சிறந்த இடம், கண்டென்சரிலிருந்து வெளியேறி டாங்குக்குப் போகும் குழாய். எண்ணெய் இன்னும் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் டோஸிங் பம்ப்பை இணைத்து, அடுத்து ஒரு ஸ்டாட்டிக் மிக்சர் பொருத்துங்கள். கணக்கு எளிது: மணிக்கு 500 கிலோ எண்ணெய், அடிட்டிவ் 1,000 பிபிஎம் என்றால் மணிக்கு 500 கிராம். அடர்த்தி 0.92 என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 மில்லி. இவ்வளவு சிறிய ஓட்டத்துக்குப் பெரிய பம்ப் போட்டால் துல்லியம் போய்விடும். சரக்கை ஸைலீனிலோ, பிஎஸ் கழிவிலிருந்து வந்த இலேசான எண்ணெயிலோ மூன்று மடங்கு நீர்க்கச் செய்து நிமிடத்துக்கு 27 மில்லியாக அனுப்பினால் கட்டுப்படுத்துவது எளிது. பல பிபிடிகள் தாமே 20 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும், ஆகவே டோஸிங் டப்பாவுக்கும் உறிஞ்சு குழாய்க்கும் வெப்பம் வேண்டும்.

பிபிஎம் எதன் மேல் என்பதை எழுதிவையுங்கள். 10,000 லிட்டர் டாங்க், அடர்த்தி 0.80 என்றால் 8,000 கிலோ. பாலிமர் 1,000 பிபிஎம் வேண்டும் என்றால் 8 கிலோ பாலிமர். சரக்கில் பாலிமர் 25 சதவீதம்தான் என்றால் 32 கிலோ சரக்கு ஊற்ற வேண்டும். ஆய்வகத்தில் சரக்கின் எடையை வைத்து 1,000 என்று எழுதிவிட்டு ஆலையில் பாலிமரின் எடையை வைத்து ஊற்றினால் நாலு மடங்கு செலவு. தலைகீழாக நடந்தால் நாலில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.

ஏற்கனவே டாங்கில் இருக்கும் எண்ணெய்க்கு வேறு வழியில்லை. டாங்க் முழுவதும் 60–65 டிகிரிக்கு வர வேண்டும். காயிலில் 80–90 டிகிரி வெந்நீர் விடுங்கள். நேரடி மின் ஹீட்டரின் மேற்பரப்பு மிகவும் சூடாகும், டையீன்கள் அதன் மேல் கோந்தாக ஒட்டும். வென்ட்டில் ஒரு கண்டென்சரும் உள்ளே நைட்ரஜன் போர்வையும் இருக்க வேண்டும், எர்த்திங் இணைப்பைச் சரிபார்த்த பிறகே பம்ப் ஓட வேண்டும். அடிட்டிவைப் பம்ப்பின் உறிஞ்சு பக்கத்தில் மெதுவாக விட்டு, டாங்கின் கொள்ளளவு மூன்று தடவை சுற்றும் வரை ஓட்டுங்கள். 10 கன மீட்டர் டாங்குக்கு மணிக்கு 5 கன மீட்டர் பம்ப் என்றால் ஆறு மணி நேரம்.

குழாயில் நின்று உறைந்த எண்ணெயை மறுபடி ஓட வைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைப் போர் பாயிண்ட் சொல்லாது. அதற்கு ஈல்டு ஸ்ட்ரெஸ் (உறைந்த எண்ணெயின் கூடு உடைந்து அசையத் தேவையான தகைவு) தெரிய வேண்டும்: அழுத்தம் = 4 × ஈல்டு ஸ்ட்ரெஸ் × நீளம் ÷ உள்விட்டம். 100 மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் உள்விட்டம், ஈல்டு ஸ்ட்ரெஸ் 50 பாஸ்கல் என்றால் 4 பார். அடிட்டிவ் அதை 5 பாஸ்கலாக்கினால் 0.4 பார். உங்கள் பம்ப் 2 பார்தான் தரும் என்றால் அடிட்டிவ் போட்டதும் போடாததும் ஓடுவதும் நிற்பதுமாகத் தெரியும். விஸ்காமீட்டரில் இதை அளந்து வாங்கிவிட்டால் வெப்பக் கம்பி சுற்ற வேண்டுமா என்பதையும் தீர்மானித்துவிடலாம்.

வேலை செய்யாதபோது

சேர்த்த அன்று நன்றாக ஓடி, ஒரு வாரம் கழித்து உறைந்தால், இடையில் அரைகுறைச் சூடு பட்டதா என்று பாருங்கள். 40–45 டிகிரிக்கு ஏற்றி மறுபடி குளிரவிட்ட எண்ணெயில் பாதி மெழுகுதான் உருகியிருக்கும். மிஞ்சிய பெரிய படிகங்களின் மேல் புதிய மெழுகு அடிட்டிவைத் தாண்டி வளரும். போர் பாயிண்ட் சேர்ப்பதற்கு முன்பு இருந்ததை நெருங்கிவிடும். சூடாக்குவதென்றால் முழுவதுமாக 65-க்கு, இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

ஃபில்டரில் பழுப்பு நிறக் களிம்பு சேர்ந்தால் கொஞ்சத்தை எடுத்து 70 டிகிரி வெந்நீரில் வையுங்கள். உருகித் தெளிந்தால் மெழுகு. உருகாமல் பிசுபிசுப்பாகவே இருந்தால் அது டையீன்கள் காற்றோடு சேர்ந்து உண்டான கோந்து. அதற்குத் தேவை பிஎச்டி (பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுவீன், BHT) போன்ற ஆன்டிஆக்சிடன்ட், அதுவும் எண்ணெய் வடிந்த உடனே. பழகிய கோந்தை ஆன்டிஆக்சிடன்ட் கரைக்காது. அடியில் திரவத் துளிகளாகப் பிரிந்தால் தண்ணீர். பூஜ்யத்துக்குக் கீழே அது பனித்துகளாகி ஃபில்டரை அடைக்கும், எந்த பிபிடியாலும் தடுக்க முடியாது. டாங்கின் அடி வால்வைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்று தோற்றால் கழிவுக் கலவை மாறியிருக்கும். மூடிகள் போன்ற பிபி சாமான்கள் குறைந்து எல்டிபிஇ ஃபிலிம் கூடினால் அதே 1,000 பிபிஎம் போதாமல் போகும். ஒவ்வொரு முறையும் முழுச் சோதனை வேண்டியதில்லை: அளித்த அளவிலும் அதன் ஒன்றரை மடங்கிலும் இரண்டு ஜாடி போர் பாயிண்ட் பார்த்தால் போதும். இரண்டும் தோற்றால் அடிட்டிவைக் கூட்டாமல், பிபி அல்லது பிஎஸ் எண்ணெயை 20 முதல் 30 சதவீதம் கலந்து மறுபடி பாருங்கள். மெழுகின் செறிவு குறைந்தாலே பல சமயம் பழைய அளவு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

குளிர்ந்த சுவரில் மெழுகு ஒட்டுவது தனிப் பிரச்சினை. எண்ணெய் மொத்தமாக ஓடினாலும் கண்டென்சர் குழாயின் உள்சுவரில் அடுக்கடுக்காகப் படியும். முதல் கண்டென்சரை 80–100 டிகிரியிலும் இரண்டாவதை 35–40 டிகிரியிலும் வைத்தால் பெரும்பாலும் தீரும். அந்த இடத்துக்கு அடிட்டிவ் போய்ச் சேரவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

எண்ணெய் ஸ்டீம் கிராக்கருக்கு (நீராவியோடு உடைத்து எத்திலீன் போன்றவை எடுக்கும் ஆலைக்கு) போவதென்றால் குளோரின், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லைகள் கடுமையாக இருக்கும். குளோரின் ஏற்றிய மெழுகிலிருந்து செய்த பழைய ஆல்கைல் நாஃப்தலீன் ரகங்களைத் தவிர்க்கவும். அமைன் வகை டிஸ்பெர்சன்ட் நைட்ரஜனைக் கூட்டும். இவிஏ ஆக்சிஜனைக் கூட்டும்: 28 சதவீத வினைல் அசிடேட் உள்ள பாலிமரை 1,000 பிபிஎம் போட்டால் எண்ணெயில் சுமார் 100 பிபிஎம் ஆக்சிஜன் சேரும். அடிட்டிவின் பெயர், பாலிமரின் பிபிஎம், சேர்த்தபோது எண்ணெயின் வெப்பநிலை, சேர்த்த தேதி ஆகிய நான்கும் ஒவ்வொரு லோடின் தாளிலும் இருக்க வேண்டும். அடிட்டிவ் சேர்ப்பதற்கு முன்பு எடுத்த ஒரு லிட்டர் மாதிரியும் சேர்த்த பிறகு எடுத்த ஒரு லிட்டரும், சரக்கு அந்தப் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தகவல் வரும் வரை இருட்டில், நைட்ரஜன் அடைத்து இருக்கட்டும்.